பிபிடி போடுவது வேறு, ஆங்கிலத்தில் நின்று பேசுவது வேறு

அழகப்பர் 1947-இல் கலைக்கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து காரைக்குடி, பிள்ளைகள் படிக்க வருகிற ஊர். இங்குள்ள கல்லூரிகளில் கடைசி வருடம் வந்துவிட்டால் ‘பிரசன்டேஷன் ஸ்கில்ஸ்’ என்ற பேச்சும் வந்துவிடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அது வேண்டும், புராஜெக்ட் வைவாவுக்கு வேண்டும், தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் ஆங்கிலத்தில் பேசும் பயிற்சிக்கு இடம் உண்டு. எல்லோருக்கும் வேண்டியதுதான். ஆனால் அது என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள்.

ஒருவர், வகுப்பில் புரொஜெக்டர் போட்டுப் பாடம் நடத்துவதைச் சொல்வார். இன்னொருவர், மாணவர்கள் பவர்பாயின்ட்டில் அழகாக ஸ்லைடு செய்யக் கற்பதைச் சொல்வார். மூன்றாமவர் சொல்வது வேறு: ஒரு மாணவி வகுப்புக்கு முன்னால் வந்து நின்று, ஸ்லைடைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தைக் கேட்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது. முதலாவது ஆசிரியரின் வேலை, இரண்டாவது கணினிப் பாடம், மூன்றாவதுதான் மொழிப் பாடம். பிள்ளைகளுக்குத் தேவை மூன்றாவது. பெரும்பாலும் கிடைப்பதோ முதல் இரண்டு. ஸ்லைடில் எழுத்து சுழன்று சுழன்று வந்து விழும், பேசுகிறவர் குரல் மட்டும் முதல் பெஞ்சைத் தாண்டாது.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவதைப் பற்றியது. கணினியும் செல்போனும் அதற்கு உண்மையாகவே உதவும். எந்த இடத்தில் உதவும் என்பதில்தான் குழப்பம். திரையில் எதையாவது காட்டுவதற்கு அவை உதவுவதைவிட, பேசியவர் தன் பேச்சைத் தானே திரும்பிப் பார்ப்பதற்குப் பல மடங்கு உதவும் என்பது என் கட்சி.

## பவர்பாயின்ட் யாருக்காக வந்தது

பல்லூடகம் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் போலத் தெரியும். எழுத்து, படம், ஒலி, காணொளி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, எது எப்போது வரவேண்டும் என்பதை நம் கையில் விடுகிற மென்பொருள்தான் பல்லூடக மென்பொருள். பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைட்ஸ், காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ், ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டுகிற ஆடாசிட்டி எல்லாம் இதில் அடங்கும். செல்போனில் ஏற்கெனவே இருக்கும் கேமராவும் வாய்ஸ் ரெக்கார்டரும்கூடத்தான்.

பவர்பாயின்ட் 1987-இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. அதை உருவாக்கிய ஃபோர்தாட் நிறுவனத்தை அதே வருடம் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. முதல் பதிப்பு கறுப்பு வெள்ளைதான். அலுவலகக் கூட்டங்களில் ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் வைக்கிற ஒளி புகும் தாள்களைத் தயாரிக்க அது பயன்பட்டது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்த, கூட்டத்தில் பேசிப் பழகிய அதிகாரிகள். அவர்களுக்கு வாக்கியம் அமைப்பதில் சிக்கல் இல்லை. விஷயத்தை அடுக்கிக் காட்டுவதில்தான் சிக்கல். நம் பிள்ளைகள் கதை நேர் எதிர். அடுக்கிக் காட்டுவது அவர்களுக்கு ஒரு மதிய வேலை, வாக்கியம்தான் வாயில் வராது. அந்த மென்பொருளை அப்படியே அவர்கள் கையில் கொடுத்து ‘பிரசன்டேஷன் செய்’ என்றால், தீர்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிரமாதமாகச் செய்துகொண்டு வருவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

## இலை ஒன்றுதான்

இங்கே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், இலையின் அளவு மாறாது. பரிமாறுகிறவர்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருப்பார்கள். நாம் சாப்பிடுகிற வேகத்தைவிட அவர்கள் வேகம் கூடிவிட்டால் பிரட்டலுக்குள் பாயசம் ஓடும். ஒவ்வொரு பதார்த்தமும் நல்ல பதார்த்தம்தான், இலையில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

மனத்துக்கும் அப்படி ஓர் இலை உண்டு. இந்த நொடியில் நாம் கையாளுகிற விஷயங்களை மட்டும் வைத்திருக்கும் அந்த இடத்துக்குச் செயல் நினைவு என்று பெயர். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையில், அதில் ஏழு விஷயம் கொள்ளும், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதைச் சுமார் நான்குக்கு இறக்கினார். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் சின்ன இலை.

இப்போது ஒரு மாணவரை, பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்கிற தரை டைலை எப்படிச் செய்வது என்று ஆங்கிலத்தில் பேசச் சொல்வோம். அடுத்து என்ன சொல்வது, அதற்கு எந்தச் சொல், வாக்கியத்தை எப்படி முடிப்பது, அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, எதிரே இருப்பவர்களுக்குப் புரிகிறதா, எப்போது ஸ்லைடை மாற்றுவது என ஆறு வேலை ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தமிழில் பேசும்போது இதில் பாதி தானாக நடந்துவிடும், இலையில் இடம் பிடிக்காது. ஆங்கிலத்தில் ஆறும் இடம் கேட்கும். மனத்தின் மேல் இப்படி ஏறுகிற பாரத்தை அறிதல் சுமை என்பார்கள். ஜான் ஸ்வெல்லர் என்ற ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் 1988 முதல் இதை ஒரு கோட்பாடாக வளர்த்தார்.

பேசுகிறவர் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி ஸ்லைடை வாசிக்க ஆரம்பிப்பது ஏன் என்பது இப்போது புரியும். வாசித்தால் ஆறில் மூன்று வேலை குறைந்துவிடும். சோம்பலும் இல்லை, தயாரிப்புக் குறைவும் இல்லை. நிரம்பிய இலையில் இடம் தேடுகிற மனம் செய்கிற காரியம் அது. ‘ஸ்லைடைப் பார்க்காதே’ என்று அதட்டினால் அவர் பேச்சையே நிறுத்திவிடுவார். சுமையை வேறு வழியில் குறைத்தால் அவராகவே திரும்பி நிற்பார்.

குறைக்க முதல் வழி, தலைப்பு. ‘குளோபல் வார்மிங்’, ‘ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்றெல்லாம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். விஷயமும் புதிது, மொழியும் புதிது என்றால் இலையில் எதற்கும் இடம் கிடைக்காது. ஆத்தங்குடிக்காரப் பிள்ளைக்கு டைல் செய்வது மனப்பாடம்: கண்ணாடி மேல் இரும்புச் சட்டம் வைப்பது, அதற்குள் பூ அச்சை இறக்குவது, நிறம் கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவது, அச்சை அலுங்காமல் தூக்குவது, மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, கலவையைப் பூசி மட்டம் பார்ப்பது, அப்புறம் தண்ணீரில் ஊற வைப்பது. சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது. இதையெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் முழு இலையும் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. நம் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. கானாடுகாத்தான் வீடுகளில் வெளிநாட்டுக்காரர்கள் உள்முற்றமான வளவையும் தேக்குத் தூணையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. இன்டர்வியூ வராவிட்டாலும் அந்தப் பேச்சு வீணாகாது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஆங்கிலத்தில் நின்று பேசும்போது மனத்தில் இடப் பற்றாக்குறை வருகிறது. எந்த மென்பொருளை எடுத்தாலும், அது அந்த இடத்தைக் காலி செய்கிறதா, இன்னும் நிரப்புகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

## காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

சொல்லாக வருவதையும் படமாக வருவதையும் மனம் இரண்டு வழிகளில் வாங்கிக்கொள்கிறது என்று ஆலன் பைவியோ 1971-இல் விளக்கினார். பின்னால் ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல்லூடகத்தை வைத்துப் பல சோதனைகள் செய்து சில விதிகளுக்கு வந்தார். அதில் நமக்கு முக்கியமானது ஒன்று. படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் புரிகிறது. வாயால் சொல்வதையே எழுத்தாகவும் திரையில் போட்டால் புரிதல் குறைகிறது. கேட்பவர் கண் எழுத்தின் பின்னாலும் காது பேச்சின் பின்னாலும் ஓடி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இதை மிகை விளைவு என்று சொல்லலாம்.

இந்த விதியைப் பாதி கேட்டுவிட்டு ‘ஸ்லைடில் எழுத்தே கூடாது’ என்று பயிற்சியாளர்கள் சிலர் சட்டம் போடுகிறார்கள். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அந்த விதி தாய்மொழியில் கேட்பவர்களிடம்தான் பலமாக வேலை செய்கிறது. கேட்பவர்களும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்றால், காதில் நழுவிய சொல்லைப் பிடித்துக்கொள்ளத் திரையில் எழுதிய ஓரிரு சொற்கள் உதவும். மேயரே இந்த விலக்கைச் சொல்லியிருக்கிறார். நம் வகுப்பில் பேசுகிறவரும் கற்பவர், கேட்கிறவரும் கற்பவர். ஆகவே முழு வாக்கியம் வேண்டாம். படத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று முக்கியச் சொற்கள் இருக்கட்டும். டைல் ஸ்லைடில் அச்சின் படத்துக்கு அருகே ‘ஸ்டென்சில்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், புதிதாகக் கேட்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும்.

## தன் பேச்சைத் தானே பார்ப்பது

இனிதான் முக்கியமான பகுதி.

பேசிக்கொண்டிருக்கும்போது நம் பேச்சை நம்மால் சரியாகக் கேட்க முடியாது. இலை நிரம்பியிருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உடம்பில் இருக்கிறது: நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. அதனால் உள்ளே கனமாகக் கேட்கும் குரல், பதிவில் மெலிந்து யாரோ பேசுவது போல இருக்கும். முதல் தடவை கேட்டதும் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். அது போகட்டும். அந்த அந்நியத்தன்மைதான் நமக்கு வேண்டியது. யாரோ பேசுவது போலக் கேட்டால்தான் யாரோ செய்த தவறு போலப் பார்க்க முடியும்.

செல்போனில் பதிந்ததை ஆடாசிட்டியில் திறந்தால் பேச்சு ஒரு படமாக வரும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும், மேலும் கீழும் சத்தத்தின் பலம் தெரியும். பேசிய இடம் தடித்திருக்கும், பேசாத இடம் கோடாகக் கிடக்கும். இதற்கு அலைவடிவம் என்று பெயர். ஆங்கிலம் கற்பிப்பவருக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘வீ போர் கலர்ட் சிமென்ட் ஆன் த கிளாஸ்’. கண்ணாடியின் மேல் நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றுகிறோம். புதிதாகப் பேசுகிறவரின் பதிவு இப்படி இருக்கும்: ‘வீ போர்... கலர்டு சிமென்ட்டு ஆன்... த... கிளாஸு’. அலைவடிவத்தில் இரண்டு விஷயம் கண்ணில் படும்.

முதலாவது, கோடாகக் கிடக்கும் இடங்கள். ‘போர்’ முடிந்ததும் ஒன்று, ‘ஆன்’ முடிந்ததும் ஒன்று, ‘த’ முடிந்ததும் ஒன்று. வாக்கியம் முடிந்த இடத்திலோ கோடே இல்லை. மூச்சு விடாமல் அடுத்த வாக்கியம் ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் தேர்ந்தவர் பதிவை அதன் கீழே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அவரும் நிறுத்துகிறார், சில நேரம் அதிகமாகவே நிறுத்துகிறார். ஆனால் வாக்கியமோ சொற்றொடரோ முடிந்த இடத்தில் நிறுத்துகிறார். அந்த இடைவெளி கேட்பவருக்காக. நடுவில் விழும் இடைவெளி, பேசுகிறவர் சொல் தேடுவதற்காக. ‘வேகமாகப் பேசு, தயங்காதே’ என்று நாம் கொடுக்கும் அறிவுரை இங்கே தலைகீழாகிவிடுகிறது. அவருக்கு வேண்டியது வேகம் கிடையாது; இடைவெளியை இடம் மாற்றி வைக்க வேண்டும். ‘கலர்ட் சிமென்ட்’, ‘ஆன் த கிளாஸ்’ என்று சொற்களைக் கொத்தாகப் பழகிக்கொண்டால் நடுவில் உள்ள கோடுகள் தாமாகச் சுருங்கும். அடுத்த வாரப் பதிவைத் திறந்து, கோடு எங்கே போயிருக்கிறது என்று பிள்ளையே விரலால் தொட்டுக் காட்டும். ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

இரண்டாவது, சொல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மேடு. ‘கலர்டு’, ‘சிமென்ட்டு’, ‘கிளாஸு’ என்பதில் வருகிற உகரம் அது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ஓர் உகரத்தைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளும். பள்ளியில் படித்த குற்றியலுகரம்தான், ஆங்கிலத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்பது அசையில் முடிய வேண்டிய வாக்கியம் பன்னிரண்டு அசையாகிவிட்டது. எத்தனை தடவை வாயால் சொல்லித் திருத்தினாலும் காதுக்குப் பிடிபடாத இந்த உகரம், திரையில் மேடாகத் தெரிந்ததும் பிடிபட்டுவிடும். ஆனால் இதை ஒரு பெரிய குற்றமாக்க வேண்டாம். உகரம் இருந்தாலும் கேட்பவருக்குப் புரியும். இடைவெளி தப்பிய இடத்தில் விழுந்தால் புரியாது. நேரம் குறைவென்றால் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை மட்டும் நீண்டு, உயர்ந்து, பலமாக ஒலிக்கும், மற்றவை சுருங்கிவிடும். அந்த எடுப்பைத்தான் அழுத்தம் என்கிறோம். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் பொருள் மாறுவதால் நாம் எல்லா உயிரையும் முழுதாகச் சொல்லியே பழகியவர்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘ஃபடாகிரஃபி’ என்று வரும்போது இரண்டாவதுக்குப் போய்விடுகிறது, முதல் அசை மெலிகிறது. பேச்சில் வரும் பத்துப் பதினைந்து முக்கியச் சொற்களுக்கு மட்டும் அகராதி ஒலிப்பைக் கேட்டு, அழுத்தம் எங்கே என்று ஸ்லைடு குறிப்பில் கோடிட்டு வைத்துக்கொண்டால் போதும்.

காணொளிப் பதிவுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரே பதிவை இரண்டு தடவை பாருங்கள்: முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு, பிறகு திரையைக் கவிழ்த்துவிட்டு. சத்தம் இல்லாதபோது கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியும். படம் இல்லாதபோது பேச்சு மட்டும். பார்க்கும்போதும் இலை அதே அளவுதானே.

வீட்டில் பழகும்போது அப்பத்தாவை எதிரே உட்கார வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது என்று தயங்குவார்கள். தெரிய வேண்டியதில்லை. ‘ஏப்பா, என்னையப் பாக்காம செவத்தப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்க?’ என்று ஒரு கேள்வி கேட்பார். எந்தச் செயலியும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

சுருக்கமாக: பதிவு செய்தால் பேச்சு நம்மைவிட்டு வெளியே வந்து நிற்கிறது. ஒரு பார்வைக்கு ஒரு விஷயம் என்று எடுத்துப் பார்க்கலாம், திருத்தி மறுபடி பதியலாம். பல்லூடக மென்பொருளின் நிஜமான வேலை இங்கே நடக்கிறது.

## எழுத்தைக் குறைத்துக்கொண்டே வருவது

ஒரே பேச்சை மூன்று சுற்றாகச் செய்யலாம். முதல் சுற்றில் பேச வேண்டியதை முழு வாக்கியமாக ஸ்லைடின் அடியில் உள்ள குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளட்டும். பிரசன்டர் வியூ என்ற வசதியில் அந்தக் குறிப்பு பேசுகிறவரின் திரையில் மட்டும் தெரியும், சுவரில் விழாது. இரண்டாம் சுற்றில் குறிப்பை அழித்துவிட்டு முக்கியச் சொற்கள் மட்டும். மூன்றாம் சுற்றில் வெறும் படம்.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 1989-இல் எழுதிய ஒரு முறை இதோடு அழகாகப் பொருந்தும். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறுவதால் பேசுகிறவருக்குச் சலிப்பு இல்லை. விஷயம் மாறாததால் இலையில் இடம் கிடைக்கிறது. நேரம் குறைவதால் தயக்கம் குறைகிறது. பவர்பாயின்ட்டில் உள்ள ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ ஒவ்வொரு ஸ்லைடிலும் எவ்வளவு நேரம் நின்றோம் என்று கணக்கு எடுத்துத் தரும்.

டோக்கியோவில் 2003-இல் தொடங்கிய பெச்சா குச்சா என்ற வடிவம் இருக்கிறது: இருபது படம், படத்துக்கு இருபது நொடி, தானாக மாறிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். புதியவர்களை அதில் இறக்காதீர்கள், ஓடுகிற பஸ்ஸில் ஏறச் சொன்ன மாதிரி திணறிவிடுவார்கள். ஐந்து படம் என்று குறைத்துக்கொண்டால் சமாளிப்பார்கள்.

## ‘அடுத்து பாத்தீங்கன்னா’

தமிழில் யாராவது எதையாவது விளக்கும்போது கவனியுங்கள். ‘முதல்ல என்னன்னா’, ‘அடுத்து பாத்தீங்கன்னா’, ‘இதுல விசேஷம் என்னன்னா’ என்று கேட்பவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவார்கள். அந்தத் திறமை பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அது காணாமல் போய், வாக்கியங்கள் தனித்தனியாக வந்து விழும். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குப் போகிறோம் என்று அறிவிக்கும் இந்தத் தொடர்களை வழிகாட்டித் தொடர்கள் எனலாம். ‘லெட் மீ ஸ்டார்ட் வித்’, ‘மூவிங் ஆன் டு’, ‘ஆஸ் யூ கேன் சீ ஹியர்’, ‘வாட்ஸ் ஸ்பெஷல் அபவுட் திஸ் ஈஸ்’ என்று ஏழெட்டு போதும். ஒவ்வொரு ஸ்லைடு மாறும் இடத்திலும் குறிப்பில் ஒன்றை எழுதி வைத்து, பட்டனை அமுக்கும்போது வாயில் அந்தத் தொடர் வரும்படி பழக்க வேண்டும். கையும் வாயும் சேர்ந்து பழகிவிட்டால் அது தானாக வரத் தொடங்கும்.

அனிமேஷனுக்கும் இந்த ஒரு வேலைதான் நியாயமானது. சட்டம், அச்சு, நிறம், கலவை என்று டைலின் படிகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்ற, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிகாட்டித் தொடர் சொல்லலாம். எழுத்து குதிப்பதும் சுழல்வதும் இலையில் இடத்தைப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

## மதிப்பெண் போடும் மென்பொருள்

பவர்பாயின்ட்டில் ஸ்பீக்கர் கோச் என்ற வசதி உண்டு. நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்து, வேகம் எவ்வளவு, ‘அம்’ என்று எத்தனை தடவை இழுத்தோம், ஸ்லைடை அப்படியே வாசித்தோமா, குரல் ஏற்ற இறக்கமில்லாமல் போகிறதா என்று கடைசியில் ஓர் அறிக்கை தரும். இணையம் வேண்டும். யாரும் பார்க்காத அறையில் வெட்கப்படாமல் பத்துத் தடவை பேசிப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் சொன்ன விஷயம் கேட்பவருக்குப் புரிந்ததா என்று அதற்குத் தெரியாது. டைலைத் தண்ணீரில் போட்ட பிறகு அச்சில் ஊற்றினோம் என்று வரிசையை மாற்றிச் சொன்னாலும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடும்.

பேசப் பேசத் திரையில் எழுத்தாக விழும் தானியங்கி வசனமும் அப்படித்தான். எந்தச் சொல் தெளிவாக வரவில்லை என்று காட்டிக்கொடுக்க அது நல்ல துணை. ‘கானாடுகாத்தான்’ என்றால் அது என்னென்னவோ எழுதும்; அது பிள்ளையின் தவறு கிடையாது. நம் ஊர்ப் பெயரும், தமிழ்ச் சாயல் கலந்த ஒலிப்பும் எல்லா இயந்திரத்துக்கும் நன்றாகப் பழகியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லியும் தவறாக விழுந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் விட்டுவிடலாம்.

## அறுபது பேர் இருக்கிற வகுப்பில்

இதையெல்லாம் கேட்டதும் ஆசிரியர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அறுபது பேரில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம், எங்கே போவது? வகுப்பில் எல்லோரையும் மேடையேற்ற வேண்டியதில்லை. நான்கு, மூன்று, இரண்டு நிமிடச் சுற்றை வகுப்பில் ஒரே நேரத்தில் முப்பது ஜோடிகளாக நடத்திவிடலாம், சந்தைக்கடை மாதிரி இருக்கும், பரவாயில்லை. பதிவை வீட்டில் செய்து, நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நண்பர் இரண்டே விஷயம் சொன்னால் போதும்: எந்த இடத்தில் நன்றாகப் புரிந்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது. லேப்டாப் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். செல்போனில் பதிவு, நாலைந்து புகைப்படம் போதும். ஆடாசிட்டியை லேபில் உள்ள ஒரு கணினியில் போட்டு வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

காணொளியை ஸ்லைடில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பை ஸ்லைடுக்குள்ளேயே பொதித்து வைப்பது வேறு, அது இருக்கும் இடத்தை மட்டும் இணைத்து வைப்பது வேறு. இணைத்து வைத்தால் பென் டிரைவில் ஸ்லைடு மட்டும் வரும், காணொளி வீட்டுக் கணினியிலேயே தங்கிவிடும். பேச வந்த இடத்தில் கறுப்புப் பெட்டி தெரியும், பிள்ளைக்குக் கை நடுங்கிவிடும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, வகுப்புக் கணினியில் முதல் நாளே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஆசிரியர் வாரத்துக்குப் பத்துப் பதிவை மட்டும் கேட்கலாம், ஆறு வாரத்தில் வகுப்பு ஒரு சுற்று வந்துவிடும். கேட்டுவிட்டு இலக்கணம், உச்சரிப்பு, உடல்மொழி என்று பக்கம் பக்கமாகத் திருத்த வேண்டாம். இந்தச் சுற்றுக்கு இடைவெளி மட்டும், அடுத்த சுற்றுக்கு வழிகாட்டித் தொடர் மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதைப் பற்றி ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினால் போதும். எழுத்தில் அனுப்புவதைவிடக் குரலில் அனுப்பினால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நிறுத்தியே காட்டிவிடலாம்.